காயம்பட்ட வீரருக்கு விலை என்ன? – ஒரு வரலாற்றுப் பார்வை

மாட்டுச் சந்தைக்குப் போகிறவர் வெறுங்கையோடு திரும்பினாலும் திரும்புவார், பல்லைப் பார்க்காமல் மட்டும் மாடு வாங்க மாட்டார். பல் வயதைச் சொல்லும். சுழி ராசியைச் சொல்லும் என்பது நம்பிக்கை. நாலு அடி நடக்கவிட்டுப் பார்த்தால் காலில் உள்ள குறை தெரிந்துவிடும். "தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே" என்று பெரியவர்கள் சொன்னதன் மறுபக்கம், காசு கொடுத்து வாங்கும் மாட்டைக் கட்டாயம் பார் என்பதுதானே!

மதுரை மாவட்டம் வாடிப்பட்டி வட்டாரத்தில் இந்தப் பார்வை இன்னும் கூர்மையானது. அலங்காநல்லூரும் பாலமேடும் இந்தப் பக்கத்து ஊர்கள். பொங்கலையொட்டி நடக்கும் ஜல்லிக்கட்டில் காளை வாடிவாசலுக்குள் நுழையும் முன்பே கால்நடை மருத்துவர் சோதிக்கிறார். மாடுபிடி வீரருக்கும் மருத்துவப் பரிசோதனை உண்டு. அங்கே கேள்வி எளிது: இன்று இறங்கத் தகுதி உண்டா, இல்லையா?

ஆனால் அடுத்த ஆறு மாதத்துக்கோ மூன்று வருடத்துக்கோ ஒரு விளையாட்டு வீரரை இப்போதே விலை பேச வேண்டும் என்றால்? அவர் திறமைசாலி, ஆனால் அடிக்கடி காயம் அடைபவர் என்றால்? அமெரிக்கக் கூடைப்பந்து ரசிகர்கள் வருடா வருடம் தலையைப் பிய்த்துக்கொள்ளும் கேள்வி இது. ஐபிஎல் ஏலத்தில் கோடிகளைக் கொட்டும் முதலாளிகளின் கேள்வியும் இதுதான். இதற்குச் சொல்லப்பட்ட பதில்களின் வரலாறு சுவையானது, கொஞ்சம் வலி நிறைந்ததும்கூட.

கற்பனை அணி பிறந்த கதை

ஃபேண்டஸி விளையாட்டு என்பது என்ன? நிஜ வீரர்களைக் கொண்டு நீங்கள் காகிதத்தில் ஓர் அணி அமைக்கிறீர்கள். அந்த வீரர்கள் மைதானத்தில் எடுக்கும் புள்ளிகள் உங்கள் கணக்கில் ஏறும். உங்கள் நண்பரின் அணியைவிட உங்கள் அணி அதிகம் சேர்த்தால் வெற்றி உங்களுக்கு. அவ்வளவுதான்.

1962-ல் அமெரிக்காவின் ஓக்லண்டைச் சேர்ந்த வின்கென்பாக் என்பவரும் நண்பர்களும் அமெரிக்கக் கால்பந்தை வைத்து இப்படி ஒரு ஆட்டத்தை உருவாக்கினார்கள். 1980-ல் டேனியல் ஓக்ரென்ட் என்ற எழுத்தாளர் பேஸ்பால் ஆட்டத்துக்கு இதே போல விதிகள் எழுதினார். அவரும் நண்பர்களும் கூடிய நியூயார்க் உணவகத்தின் பெயரால் அது 'ரொட்டிசரி லீக்' எனப்பட்டது. வீட்டுக்கு வீடு கணினி இல்லாத காலம்! நாளிதழில் வரும் எண்களைப் பார்த்துக் கையால் கணக்குப் போட்டார்கள். 1999-ல் யாஹூ இதை இணையத்தில் இலவசமாகக் கொடுத்த பிறகு காட்டுத்தீ போலப் பரவியது. கூடைப்பந்தும் சேர்ந்துகொண்டது.

ஓக்ரென்ட் குழுவின் ஆட்டத்தில் ஒரு முக்கியமான விஷயம் இருந்தது. ஒவ்வொருவர் கையிலும் ஒரே அளவு பணம். வீரர்களை ஏலத்தில் எடுக்க வேண்டும். ஆக, ஒரு வீரர் நல்லவரா என்பது மட்டும் கேள்வி அல்ல. இந்த விலைக்கு நல்லவரா என்பதே கேள்வி. காயம் பற்றிய கணக்கு ஆட்டத்துக்குள் நுழைந்தது இங்கேதான்.

கணக்கு எப்படிப் போடுகிறார்கள்?

என்பிஏ கூடைப்பந்தில் ஒரு பருவத்துக்கு ஒவ்வோர் அணிக்கும் 82 ஆட்டங்கள். ஓர் உதாரணம் பார்க்கலாம். 'அ' என்ற வீரர் ஆட்டத்துக்குச் சராசரி 50 ஃபேண்டஸி புள்ளி எடுப்பார். ஆனால் காயத்தால் 50 ஆட்டங்கள்தான் ஆடுவார். 'ஆ' என்ற வீரர் ஆட்டத்துக்கு 40 புள்ளிதான். ஆனால் 78 ஆட்டங்கள் ஆடுவார். யாரை எடுப்பது?

நேராகப் பெருக்கினால் 'அ' 2500, 'ஆ' 3120. 'ஆ' தான் சரி என்று தோன்றும். ஆனால் 'அ' ஆடாத 32 ஆட்டங்களில் அவர் இடம் காலியாகவா கிடக்கும்? ஃபேண்டஸி லீக்குகள் பலவற்றில் காயம்பட்டவரை வைக்கத் தனி இடம் உண்டு. அவரை அங்கே தள்ளிவிட்டு, யாரும் எடுக்காத ஒரு சாதாரண வீரரைப் போட்டுக்கொள்ளலாம். அவர் ஆட்டத்துக்கு 25 எடுத்தால் 32 ஆட்டத்துக்கு 800. இப்போது 'அ'வின் இடத்தில் மொத்தம் 3300. 'ஆ'வுக்கும் விட்டுப்போன 4 ஆட்டங்களுக்கு 100 சேர்த்தால் 3220. 'அ' முந்திவிட்டார்!

இதிலிருந்து தெரிவது என்ன? காயம் அடையும் வீரரின் மதிப்பு அவரிடம் மட்டும் இல்லை. அவருக்குப் பதிலாக இறங்குபவர் யார், மாற்றிக்கொள்ள விதி இடம் தருகிறதா என்பதிலும் இருக்கிறது. மாற்று ஆள் இல்லாத அணிக்கு 'அ' ஒரு சுமை. மாற்று ஆள் உள்ள அணிக்கு அதே 'அ' ஒரு புதையல்.

இன்னொன்று, நேரம். வாரா வாரம் நேருக்கு நேர் மோதும் லீக்குகளில் இறுதிச் சுற்று பருவத்தின் கடைசி வாரங்களில் வரும். நவம்பரில் அடிபட்டு ஜனவரியில் திரும்புபவரும், மார்ச்சில் அடிபடுபவரும் ஒரே எண்ணிக்கையில் ஆட்டங்களைத் தவறவிட்டாலும் ஒரே விலை பெற மாட்டார்கள். அறுவடை நேரத்தில் இல்லாத ஆள் நடவுக்கு வந்து என்ன பயன்?

அமெரிக்கா கற்ற மூன்று பாடங்கள்

முதல் பாடம் பில் வால்டன். 1974-ல் போர்ட்லண்ட் அணி முதல் தேர்வாக எடுத்த உயரமான வீரர். 1977-ல் அந்த அணிக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தார். அடுத்த பருவத்தில் 58 ஆட்டங்களே ஆடினார். ஆனாலும் மிகச் சிறந்த வீரர் விருது அவருக்கே கிடைத்தது. ஆடிய நேரத்தில் அவ்வளவு மதிப்பு! பிறகு பாத எலும்பு முறிவு. 1978-79 பருவம் முழுவதும் போனது. அடுத்ததில் 14 ஆட்டங்கள். அதற்கடுத்த இரண்டு பருவங்களும் பூஜ்யம். முடிந்துபோனார் என்று நினைத்தபோது 1985-86-ல் பாஸ்டன் அணிக்காக 80 ஆட்டங்கள் ஆடினார், கோப்பையும் வென்றார். முதல் ஐவரில் ஒருவராக அல்ல. பெரும்பாலும் மாற்று வீரராக, அளவான நிமிடங்களுக்கு. பாரத்தைக் குறைத்ததும் வண்டி ஓடியது.

இரண்டாம் பாடம் கிராண்ட் ஹில். 2000-ல் கணுக்கால் உடைந்த நிலையிலேயே ஓர்லாண்டோ அணி அவரை 7 வருடத்துக்கு ஏறத்தாழ 9.3 கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்தது. முதல் நான்கு பருவங்களில் அவர் ஆடியது 4, 14, 29, 0. மொத்தம் 47 ஆட்டங்கள்! அவருக்குப் பதிலாக டெட்ராய்ட் அணிக்குப் போன பென் வாலஸ், 2004-ல் அந்த அணியோடு கோப்பை வென்றார். பழைய பெயருக்கு முழு விலை கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. அதே ஹில் 2008-09-ல் பீனிக்ஸ் அணிக்காக 82 ஆட்டங்களும் ஆடினார். அப்போது அவருக்கு வயது 36!

மூன்றாம் பாடம் ஸ்டீபன் கரி. 2011-12-ல் கணுக்கால் தொல்லையால் 26 ஆட்டங்கள்தான் ஆடினார். 2012-ல் அவரது அணி 4 வருடத்துக்கு 4.4 கோடி டாலர் கொடுத்தபோது இது பெரிய சூதாட்டம் என்று பேசியவர்கள் உண்டு. அந்த ஒப்பந்தக் காலத்திலேயே 2015, 2016 இரண்டு ஆண்டும் மிகச் சிறந்த வீரர் விருது அவருக்கு, 2015-ல் கோப்பையும். காயத்துக்குப் பயந்து குறைத்த விலை, விளையாட்டு வரலாற்றின் பெரிய லாபங்களில் ஒன்றாக மாறியது.

மூன்று பேருக்கும் அடிபட்டது காலில்தான். முடிவுகள் மூன்றும் வேறு வேறு. 'காயம் அடிக்கடி வரும்' என்ற ஒரே முத்திரையைக் குத்தி எல்லாரையும் ஒரே மூட்டையில் கட்டுவது தவறு என்பதற்கு இது போதும்.

சேப்பாக்கத்துக்கு வந்த ஏலம்

2008 பிப்ரவரி 20 அன்று மும்பையில் முதல் ஐபிஎல் ஏலம் நடந்தது. ஓக்ரென்டின் உணவக மேசையில் பொழுதுபோக்காக நடந்தது இங்கே நிஜப் பணத்தோடு நடந்தது. அன்று அதிக விலை பெற்றவர் தோனி. சென்னை கொடுத்தது 15 லட்சம் டாலர்.

மறு ஆண்டே சென்னைக்குக் காயத்தின் பாடம் கிடைத்தது. 2009-ல் ஆண்ட்ரூ ஃபிளின்டாஃபை 15.5 லட்சம் டாலருக்கு எடுத்தார்கள். கால் பிரச்சனை ஏற்கனவே உலகம் அறிந்தது. அவர் ஆடியது 3 ஆட்டங்கள்! முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குத் திரும்பிப் போனவர், சென்னைக்காக மறுபடி ஆடவே இல்லை.

இதே சென்னையில் எதிர்மாறான கதையும் உண்டு. அவர் லட்சுமிபதி பாலாஜி. 2004 பாகிஸ்தான் பயணத்தில் தன் பந்துவீச்சாலும் சிரிப்பாலும் எல்லைக்கு அந்தப் பக்கத்து மக்களையும் கவர்ந்த சென்னைப் பையன். 2005 மொகாலி டெஸ்டில் அதே பாகிஸ்தானுக்கு எதிராக 9 விக்கெட். அதன் பிறகு முதுகெலும்பில் அழுத்த முறிவு. வேகப்பந்து வீச்சாளர்களின் பரம வைரி இந்தக் காயம். பந்தை விடும் ஒவ்வொரு முறையும் இடுப்பு வளைந்து திரும்ப, கீழ் முதுகின் எலும்பில் மயிரிழை அளவில் விரிசல் தொடங்கும். ஓய்வுதான் முதல் மருந்து. அதோடு வீச்சு முறையையே திருத்த வேண்டியிருக்கும். பாலாஜி இந்திய அணிக்கு மறுபடி ஆடியது 2009-ல்தான்.

ஆனால் அதற்கு முன்பே, 2008 மே 10 அன்று, சேப்பாக்கத்தில் பஞ்சாப் அணிக்கு எதிராக ஹாட்ரிக் எடுத்தார். ஐபிஎல் வரலாற்றின் முதல் ஹாட்ரிக் அது. 24 ரன்னுக்கு 5 விக்கெட். பழைய வேகம் இல்லை. ஆனால் வேகத்தை மாற்றி ஏமாற்றும் வித்தை வந்திருந்தது. இருபது ஓவர் ஆட்டத்துக்கு அதுதான் தேவைப்பட்டது. டெஸ்ட் ஆட்டத்துக்கு மதிப்பு குறைந்த உடம்பு, நாலு ஓவர் ஆட்டத்துக்கு மதிப்பு ஏறிய உடம்பாக மாறியது. ஆட்டத்தின் வடிவம் மாறினால் வீரரின் விலையும் மாறும்!

ஆஷிஷ் நெஹ்ராவும் இதே ரகம். எத்தனை அறுவைச் சிகிச்சை என்று அவரே கணக்கு வைத்திருப்பாரோ என்னவோ. 2015-ல் சென்னைக்காக 16 ஆட்டங்களில் 22 விக்கெட் எடுத்தார். அடுத்த ஆண்டே இந்திய அணிக்குத் திரும்பினார். மறுபக்கம் தீபக் சஹர். 2022 ஏலத்தில் 14 கோடி ரூபாய்க்குச் சென்னை எடுத்த அவர், தொடைத் தசைக் காயம், பிறகு முதுகு என்று அந்தப் பருவம் முழுவதும் ஒரு பந்துகூட வீசவில்லை. 2023-ல் திரும்பி வந்தார். சென்னை அந்த ஆண்டு கோப்பை வென்றது.

மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் நடுவே

வாடிப்பட்டி, மதுரை–திண்டுக்கல் சாலையில் இருக்கும் ஊர். தமிழ்நாடு பிரீமியர் லீக் 2016-ல் தொடங்கியபோது இந்தச் சாலையின் இரு முனைகளுக்கும் ஓர் அணி கிடைத்தது. 2018 இறுதி ஆட்டத்தில் மதுரை பேந்தர்ஸ் திண்டுக்கல் டிராகன்ஸை வென்றது. இந்த இரண்டு அணிகளிலும் ஆடிய இருவர் கதைதான் இந்தக் கட்டுரையின் மையம்.

திண்டுக்கல்லுக்காக முதல் பருவத்தில் ஆடியவர் சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த நடராஜன். ஏழைக் குடும்பம், டென்னிஸ் பந்து கிரிக்கெட்டில் வளர்ந்தவர். அவரது யார்க்கர் பேச்சாகி, 2017 ஏலத்தில் பஞ்சாப் 3 கோடி கொடுத்தது. 6 ஆட்டங்கள், 2 விக்கெட். அடுத்த ஆண்டு ஹைதராபாத் 40 லட்சத்துக்கு எடுத்தது. 2018, 2019 இரண்டு பருவமும் ஓர் ஆட்டம்கூட இல்லை.

மதுரைக்காக 2018-ல் ஆடியவர் வருண் சக்கரவர்த்தி. கட்டடக்கலை படித்தவர். முதலில் விக்கெட் கீப்பர், பிறகு வேகப்பந்து வீச்சாளர். முழங்காலில் அடிபட்டதால்தான் சுழலுக்கு மாறினார். காயம் அவர் மதிப்பைக் குறைக்கவில்லை, உருவாக்கியது! மதுரை கோப்பை வென்ற சில மாதங்களில் பஞ்சாப் அவரை 8.4 கோடிக்கு வாங்கியது. ஆனால் 2019-ல் ஒரே ஓர் ஆட்டம். பிறகு விரலில் காயம். அடுத்த ஏலத்தில் கொல்கத்தா 4 கோடிக்கு எடுத்தது. விலை பாதிக்கும் கீழே.

2020-ல் இருவர் பாதையும் ஒன்றை ஒன்று வெட்டியது. வருண் அந்த ஐபிஎல்லில் 17 விக்கெட், நடராஜன் 16. ஆஸ்திரேலியப் பயணத்துக்கான இருபது ஓவர் அணியில் வருண் பெயர் வந்தது. ஆனால் தோள்பட்டைக் காயம். அவர் இடத்தில் சேர்க்கப்பட்டவர் நடராஜன்! 2020 டிசம்பர் 2-ல் கான்பெர்ராவில் ஒருநாள் ஆட்டம், இரண்டு நாள் கழித்து இருபது ஓவர் ஆட்டம், 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்ட். ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகம். அந்த டெஸ்டில் அவர் இறங்கியதற்கும் காரணம், மற்ற வேகப்பந்து வீச்சாளர்கள் வரிசையாகக் காயம்பட்டதுதான். ஒருவர் காயம் இன்னொருவருக்கு வாசல் திறக்கிறது. கசப்பான உண்மை!

வாசல் திறந்த அதே வேகத்தில் மூடவும் செய்தது. 2021 ஏப்ரலில் நடராஜனுக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை. அந்த ஐபிஎல்லில் 2 ஆட்டங்களோடு சரி. 2022 ஏலத்தில் ஹைதராபாத் 4 கோடி கொடுத்துத் திரும்ப எடுத்தது. 2022-ல் 11 ஆட்டங்களில் 18 விக்கெட், 2023-ல் 12 ஆட்டங்களில் 10, 2024-ல் 14 ஆட்டங்களில் 19. மூன்று வருடம், 12 கோடி, 47 விக்கெட். ஒரு விக்கெட்டுக்குச் சுமார் 25 லட்சம். 2017-ல் பஞ்சாப்புக்கு ஒரு விக்கெட் ஒன்றரைக் கோடி ஆனதை நினைத்துப் பார்த்தால் ஹைதராபாத்துக்கு இது லாபமான வியாபாரம்.

2024 நவம்பர் ஏலத்தில் டெல்லி அவருக்குக் கொடுத்தது 10.75 கோடி. 2025-ல் அவர் ஆடியது 2 ஆட்டங்கள்! எந்த ஃபேண்டஸி ஆட்டக்காரரும் தலையில் கை வைக்கும் கணக்கு. ஆனால் ஆடாமல் போவதற்குக் காயம் மட்டும் காரணம் அல்ல. அணித் தேர்வும் ஒரு காரணம். மதிப்புப் போடுபவர்கள் இதை அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

வருண்? 2021 உலகக் கோப்பையில் 3 ஆட்டங்களில் ஒரு விக்கெட்டும் இல்லை. இந்திய அணியிலிருந்து மூன்று வருடம் காணாமல் போனார். 2024-ல் கொல்கத்தா கோப்பை வெல்ல 21 விக்கெட். கொல்கத்தா 12 கோடி கொடுத்துத் தக்கவைத்தது. 2025 சாம்பியன்ஸ் கோப்பையில் 3 ஆட்டங்களில் 9 விக்கெட். சுழல் வீச்சில் முழங்காலும் முதுகும் படும் பாடு குறைவு. அந்த விதத்தில் 33 வயதில் ஒரு சுழற்பந்து வீச்சாளரை நம்புவதும் ஒரு வேகப்பந்து வீச்சாளரை நம்புவதும் ஒன்றல்ல.

தினசரி ஆட்டமும் சட்டமும்

இந்தியாவில் ஃபேண்டஸி பரவியது பெரும்பாலும் தினசரி வடிவத்தில். 2008-ல் தொடங்கிய ட்ரீம் லெவன் 2017-ல் என்பிஏவோடும் கைகோத்தது. இந்த வடிவத்தில் அணித்தலைவருக்கு இரண்டு மடங்கு புள்ளி, துணைத்தலைவருக்கு ஒன்றரை மடங்கு. டாஸ் போட்டு அணி அறிவித்த பிறகும் மாற்றிக்கொள்ளச் சில நிமிடம் உண்டு. ஆகவே காயம் அடிக்கடி வருமா என்ற கேள்விக்கே இங்கே வேலை இல்லை. இன்று ஆடுகிறாரா? அவ்வளவுதான். ஜல்லிக்கட்டு மருத்துவரின் கேள்வி!

இந்த எளிமைதான் ஆபத்தும் ஆனது. பருவம் முழுவதும் பொறுமையாகச் சிந்திக்கும் ஆட்டம், தினமும் பணம் கட்டும் பழக்கமாக மாறியது. 2017-ல் பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம் இதைத் திறமை ஆட்டம் என்றது. ஆனால் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. ட்ரீம் லெவன் பணப் போட்டிகளை நிறுத்தியது. திறமையா, அதிர்ஷ்டமா என்ற வாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். அடுத்தவன் முழங்காலை நம்பித் தன் சம்பளத்தை வைப்பது எந்த வகையில் புத்திசாலித்தனம்?

முடிவுரை

அறுபது ஆண்டு வரலாறு கற்றுத்தரும் கேள்விகள் நான்கு. காயம் எந்த வகை? கணுக்கால் சுளுக்கும் முதுகெலும்பு முறிவும் ஒன்றல்ல. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வருகிறதா? ஏற்கனவே அடிபட்ட தசை மறுபடி அடிபட வாய்ப்பு அதிகம் என்பது விளையாட்டு மருத்துவம் உறுதியாகச் சொல்லும் விஷயம். அவர் இல்லாத நாளில் இறங்க யார் இருக்கிறார்? கடைசியாக, கேட்கும் விலையில் இந்தக் கழிவு ஏற்கனவே சேர்ந்திருக்கிறதா? கழிவு சேர்ந்திருந்தால் கரி கிடைக்கலாம். சேராமல் இருந்தால் ஃபிளின்டாஃப் கிடைப்பார்.

ஆனால் இந்த நான்கிலும் வராத ஒரு கணக்கு உண்டு. விலை வைக்கும்போது நாம் பார்ப்பது ஆடாமல் போன ஆட்டங்களின் எண்ணிக்கையை மட்டும். அந்த ஆட்டங்களின்போது அந்த மனிதர் எங்கே இருந்தார் என்பதை எந்தப் பட்டியலும் சொல்வதில்லை. பாலாஜி முதுகைத் தேற்றிக்கொண்டு மீண்டும் பந்தை எடுத்த வருடங்களும், நடராஜன் இரண்டு பருவம் முழுவதும் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்த ஆட்டங்களும் புள்ளிவிவரத்தில் வெறும் பூஜ்யங்கள். 2008-ன் ஹாட்ரிக்கும் 2020-ன் யார்க்கர்களும் அந்தப் பூஜ்யங்களுக்குள்தான் தயாராயின.

மாட்டுக்குப் பல்லைப் பார்த்தால் வயது தெரிந்துவிடும். மனிதருக்கு அப்படி ஒரு பல் இன்னும் முளைக்கவில்லை!